ஓஎஸ்பிஎஃப்: லிங்க் காஸ்ட் மாற்றுவதும் ரிப் வழிகளைச் சேர்ப்பதும்

ஒரு தலைமை அலுவலகம், ஒரு கிளை. நடுவே ஃபைபர் இணைப்பு. அது அறுந்தால் கைகொடுக்க ரேடியோ இணைப்பு. இரண்டு பக்கமும் சிஸ்கோ ரௌட்டர், ஓஎஸ்பிஎஃப் (எந்த வழியில் டேட்டா போக வேண்டும் என்று ரௌட்டர்கள் தங்களுக்குள் பேசி முடிவுசெய்யும் முறை) ஓடுகிறது. கிளையில் ரிப் (அதே வேலைக்கான பழைய முறை) மட்டுமே தெரிந்த பழைய ரௌட்டர் ஒன்றும் இருக்கிறது. இதை வைத்தே செய்து பார்ப்போம். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில்தான்.)

முதலில் ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ போட்டு இப்போதைய காஸ்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓஎஸ்பிஎஃப் தரும் எண்தான் காஸ்ட்; மொத்தம் குறைவாக உள்ள வழியையே அது தேர்ந்தெடுக்கும். 100 எம்பிபிஎஸ்ஸை இன்டர்ஃபேஸின் (ரௌட்டர் போர்ட்டின்) வேகத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். அது 1க்குக் கீழே இறங்காது. அதனால் 100 எம்பிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் மூன்றுக்கும் காஸ்ட் 1தான்! இந்தக் கணக்கு பழைய காலத்தது.

இதைச் சரிசெய்ய, ‘ரௌட்டர் ஓஎஸ்பிஎஃப் 1’க்குள் போய் ‘ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 10000’ கொடுங்கள். இப்போது 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு 10, 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 100. எல்லா ரௌட்டரிலும் இதே எண் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ரேடியோவும் கிகாபிட் போர்ட்டில்தான் செருகியிருக்கும். ரௌட்டருக்குத் தெரிவது போர்ட்டின் வேகம். காற்றில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று அதற்குத் தெரியாது. அதற்கும் 10 என்றே போட்டு, டிராஃபிக்கை இரண்டு இணைப்பிலும் பிரித்து அனுப்பும். அதனால் ரேடியோ இன்டர்ஃபேஸில் ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 200’ என்று நாமே எழுதிவிட வேண்டும். வெளியே போகும் திசைக்கு மட்டுமே காஸ்ட் கணக்கு என்பதால் இரண்டு முனையிலும் எழுதுங்கள். இல்லையென்றால் போவது ஃபைபரில், திரும்பி வருவது இரண்டிலும் என்று ஆகிவிடும்.

அப்புறம் ரிப் வழிகளை ஓஎஸ்பிஎஃப்புக்குள் சேர்ப்பது. சேர்க்கும்போது அவற்றுக்கு ஒரு மெட்ரிக் (வழியின் தூரத்தைக் காட்டும் எண்) தருகிறோம். கிளை ரௌட்டரின் ஓஎஸ்பிஎஃப் பகுதியில்: ‘ரீடிஸ்ட்ரிபியூட் ரிப் மெட்ரிக் 50 மெட்ரிக்-டைப் 1 சப்நெட்ஸ்’. கடைசிச் சொல்லை விட்டால் பழைய ஐஓஎஸ்களில் (சிஸ்கோ ரௌட்டரின் மென்பொருள்) சப்நெட்டாக, அதாவது சிறு பகுதிகளாகப் பிரித்த நெட்வொர்க்குகள் வராது. ‘மெட்ரிக்-டைப் 1’ முக்கியம். இயல்பாக இருப்பது டைப் 2. அதன் மெட்ரிக்கில் நாம் பார்த்துப் பார்த்து வைத்த லிங்க் காஸ்ட் சேராது. டைப் 1இல் சேரும்.

எதிர்த்திசைக்கு ‘ரௌட்டர் ரிப்’ பகுதியில் ‘ரீடிஸ்ட்ரிபியூட் ஓஎஸ்பிஎஃப் 1 மெட்ரிக் 3’. மெட்ரிக் கொடுக்காவிட்டால் ரிப் அந்த வழிகளை எட்ட முடியாதவை என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்த இருவழிப் பரிமாற்றத்தை இப்போதைக்கு ஒரே ரௌட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரௌட்டர்களில் செய்தால், ரிப்பில் பிறந்த வழி ஓஎஸ்பிஎஃப் வழியாகச் சுற்றி வரும். ரிப்பின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (எந்த முறை சொல்வதை நம்புவது என்று காட்டும் எண்) 120, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. குறைந்ததையே ரௌட்டர் நம்பும், டேட்டா சுற்றிச் சுற்றி வரும் லூப் உருவாகலாம். அதைத் தடுக்க, வழிகளுக்கு அடையாளம் வைக்கும் டேகும் அதைப் பார்த்து வடிகட்டும் ரூட்-மேப்பும் தேவை.

சரி, சோதனை. தலைமை அலுவலக ரௌட்டரில் ‘ஷோ ஐபி ரூட்’ போட்டால் ரிப் வழிகள் ‘ஓ இ1’ என்ற குறியோடு [110/60] என்று தெரிய வேண்டும் (110 டிஸ்டன்ஸ்; 60 என்பது மெட்ரிக் 50 + ஃபைபரின் காஸ்ட் 10). ஃபைபரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள்: [110/250] (50 + ரேடியோவின் 200).