உலை வைக்குமுன் ஒரு பிடி: மனமுவந்து கொடுக்கப் பழகும் முறை

மிசோரம் கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்த பெண்கள் 1910 முதல் ஒரு வழக்கத்தைக் கைவிடாமல் காத்துவருகிறார்கள். ஒவ்வொரு வேளையும் சமைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசி சபையின் வழியாக விலையாகி ஊழியத்துக்குப் போகும். என் பாட்டியும் அடுக்களையில் இதற்கென்று ஒரு தகர டப்பா வைத்திருந்தார். படியால் அளந்து முறத்தில் கொட்டியதும், கல் பொறுக்குமுன்பே ஒரு பிடி அந்த டப்பாவுக்குப் போய்விடும். உண்டு மீந்ததைக் கொடுக்க விசுவாசம் தேவையில்லை; எல்லாருக்கும் போதுமா என்று தெரியாத நேரத்தில் எடுத்து வைப்பதற்கே அது தேவைப்படுகிறது.

ஆகவே, சம்பளம் வந்த அன்றே, வாடகைக்கும் தவணைக்கும் முன்பாகக் காணிக்கையைப் பிரித்து ஒரு உறையிலோ வேறு கணக்கிலோ போட்டுவிடுங்கள். வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதைச் சேர்த்துவைக்கும்படி அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதியதும் இதையே. வரவில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கட்டாயமா என்ற விவாதம் எளிதில் முடியாது. அது முடியும்வரை காத்திராமல், நூற்றுக்கு மூன்று என்றாவது மனதில் நியமித்து, ஆறு மாதம் மாற்றாமல் கொடுத்துவாருங்கள். கை பழகியபின் அளவைக் கூட்டலாம்.

வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்கென்று நேர்ந்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் காணலாம்; அம்மாவின் மருந்துச் செலவு காணிக்கைக்குப் போட்டியல்ல.

பிரித்து வைத்த பிறகுதான் பயம் வரும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பழுதான மோட்டார் எல்லாம் அந்த வாரத்திலேயே நினைவுக்கு வரும். அப்போது சாறிபாத் விதவையின் கதையை நிதானமாக வாசியுங்கள். பானையில் இருந்த ஒரு பிடி மாவிலிருந்து முதல் அடையை எலியா தீர்க்கதரிசிக்குக் கொடுத்தாள். அதற்குப்பின் பானை நிரம்பி வழிந்ததாக வேதம் சொல்லவில்லை, மாவு தீர்ந்துபோகவில்லை என்றுதான் சொல்கிறது. இன்று விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்று மேடையில் அடித்துச் சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். திரும்பி வருவதைக் கணக்கிட்டுக் கொடுப்பது முதலீடே தவிர, காணிக்கை அல்ல.

கொடுத்தபின் கையை எடுத்துவிட வேண்டும். ஆலயத்து மின்விசிறியின் இறக்கையில் உங்கள் பெயர் சுழல வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தில் யாரும் குற்றம் காணாதபடி, பவுலே தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். வரவுசெலவைச் சபையாருக்குக் காட்டாத இடத்துக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு மாதம் தவறிப்போனால் அதைப் பாக்கியாக அடுத்த மாதத்தோடு சேர்த்துக் கட்டவேண்டாம், இது சீட்டுப்பணம் அல்ல. அடுத்த சம்பளத்தின் முதல் பிடியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.