குதிரை நடை: சத்தத்த வச்சே கண்டுபிடிக்கிறது எப்படி?

குதிரை ஓடுறப்போ நாலு காலையும் ஒரே நேரத்துல பாக்க ட்ரை பண்ணா குழப்பம்தான் மிஞ்சும், அதனால மொதல்ல கண்ண மூடிட்டு குளம்புச் சத்தத்த மட்டும் கேளுங்க. நாலு காலும் ஒருவாட்டி எடுத்து வச்சு முடிச்சா ஒரு ரவுண்டு. அதுல எத்தன சத்தம்னு எண்ணணும், அவ்ளோதான்.

ஸ்டெப் 1: நிதானமா, சம இடைவெளில நாலு சத்தம் வந்தா அது வாக். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், அப்புறம் வலது பின்னங்கால், வலது முன்னங்கால். மணிக்கு சுமார் 6, 7 கிலோமீட்டர். தலை மேலயும் கீழயும் ஆடும்.

ஸ்டெப் 2: ரெண்டே சத்தம்னா ட்ராட். இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் ஜோடியா விழும், அடுத்து மத்த ஜோடி, நடுவுல ஒரு நொடிக்கும் கம்மியா குதிரை அந்தரத்துல இருக்கும். இதுல தலை ஆடாது, அதனாலதான் குதிரை நொண்டுதான்னு பாக்குற டாக்டர் அத ட்ராட்ல ஓடவிட்டு பாப்பாரு, முன்னங்கால்ல வலி இருந்தா அந்தக் கால் தரைல படுறப்போ தலைய மேல தூக்கும்.

ஸ்டெப் 3: மூணு சத்தம், அப்புறம் சின்ன கேப், அது கேன்ட்டர். இங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க, அவசரப்படாம ஸ்லோ மோஷன்ல பாருங்க: வலது பின்னங்கால், அடுத்து இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து, கடைசியா இடது முன்னங்கால். கடைசியா விழுறது இடதுன்னா லெஃப்ட் லீட், வலதுன்னா ரைட் லீட். இடது பக்கம் வட்டம் அடிக்குற குதிரைக்கு லெஃப்ட் லீட் இருந்தாதான் பேலன்ஸ் நல்லா இருக்கும்.

ஸ்டெப் 4: கேலப். கேன்ட்டர்ல சேர்ந்து விழுந்த அந்த ஜோடி வேகத்துல பிரிஞ்சு மறுபடி நாலு சத்தமாயிடும், ஆனா வாக் மாதிரி சீரா இல்லாம படபடன்னு வரும். பழைய ஓவியங்கள்ல முன்னயும் பின்னயும் கால விரிச்சுட்டு பறக்குற மாதிரி வரைஞ்சிருப்பாங்க, பாக்க கம்பீரமாதான் இருக்கும், ஆனா தப்பு. 1878ல மைப்ரிட்ஜ்னு ஒரு போட்டோகிராஃபர் வரிசையா கேமரா வச்சு எடுத்த போட்டோல, நாலு காலும் வயித்துக்கு அடில மடங்கி இருக்குறப்போதான் குதிரை அந்தரத்துல இருக்குன்னு தெளிவா தெரிஞ்சுது.

ரெண்டு சத்தம்தான் கேக்குது, ஆனா ஒரே பக்கத்து ரெண்டு காலும் சேர்ந்து போகுதா? அது ட்ராட் இல்ல, பேஸ். ஐஸ்லாந்து குதிரைங்களுக்கு டோல்ட்னு இன்னொரு நடையும் உண்டு, நாலு சத்தம்தான், வாக் மாதிரியே கால் வரிசை, ஆனா செம வேகமாவும் போகும், மேல உக்காந்திருக்கவங்களுக்கு குலுக்கலே தெரியாது.