ஆப்பிரிக்கச் சிக்லிட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும், சிக்லிட் என்னும் மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஆராட்டஸ் மீன், குட்டிப் பருவத்தில் ஆண், பெண் வேறுபாடின்றி மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகளுடன் இருக்கும். வளர்ந்ததும் ஆண் மட்டும் கருநிறத்துக்கு மாறி, தனக்குப் பிடித்த பொந்தைச் சுற்றியுள்ள இடம் முழுவதையும் காவல் காக்கத் தொடங்கும். இதை அறியாமல், ஜோடி சேரும் என்ற நம்பிக்கையில் இரண்டே குட்டிகளை வாங்கிச் செல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. இரண்டில் வலியது மற்றதை ஓயாமல் துரத்தும். மெலிந்தது மூலையில் ஒடுங்கிப் பட்டினியால் சாகும். நான்கு அடித் தொட்டியில் எட்டுப் பத்துக் குட்டிகளை ஒன்றாக வளர்த்து, நிறம் மாறும்போது மிகுதியான ஆண்களை அகற்றி, ஓர் ஆணுக்கு நான்கைந்து பெண்கள் என்று வைத்தால் துரத்தல் பலர்மேல் பகிர்ந்து விழும். மீன் கூடுதலாக இருப்பதால் ஃபில்டரும் வலுவானதாக இருக்க வேண்டும்.

மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் கல் அடுக்குவதும் தவறு. இம்மீன்கள் மணலைத் தோண்டும் இயல்புடையவை என்பதால் அடித்தளம் சரிந்து கல் கண்ணாடியில் விழும். என் முதல் தொட்டி அப்படித்தான் விரிசல் கண்டது. கல்லை முதலில் அடுக்கி, மணலைப் பிறகு இட வேண்டும். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் பார்வைக்கு அழகுதான்; ஆனால் அதில் மோனசைட் என்னும் கதிரியக்கத் தாது உள்ளதால் தொட்டிக்கு ஆகாது.

நம் மாவட்டத்தில் நீர்தான் பலரை ஏமாற்றுகிறது. மலாவி நீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, ஏறக்குறைய 7.8 முதல் 8.6 வரை இருக்கும். செம்மண், சரளைப் பகுதிகளின் கிணற்று நீரோ பெரும்பாலும் மென்மையாகவும் சற்று அமிலத்தன்மையுடனும் இருக்கும். அதோடு, பொந்துக்கென்று சிரட்டையும் மரத்துண்டும் போட்டால் அவற்றின் சாயம் பிஎச்சை இன்னும் இறக்கிவிடும். உடைந்த மண்சட்டி போதும். நொறுக்கிய சிப்பி ஓட்டை ஃபில்டரில் வைத்தால் பிஎச் மெல்ல ஏறும். ஆப்பச்சோடாவை ஒரேயடியாகக் கொட்டுவது ஆபத்து. ஏனெனில் பிஎச் கூடும்போது தொட்டியில் தேங்கிய அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது.

மீன் மலிவாகக் கிடைக்கும் ஊர் என்பதால் நெத்தோலியும் இறாலும் போட்டுப் பழக்குகிறார்கள். பாறைப் பாசியை மேயும் இவற்றின் நீண்ட குடலுக்கு அது ஒவ்வாது. வயிறு ஊதிச் சாகும். ஸ்பைருலினா என்னும் பாசி கலந்த தீவனமும் வெந்நீரில் வாட்டிய கீரையும் ஏற்றவை.

பெண் மீன் தாடை புடைத்து, உணவைத் தொடாமல் ஒதுங்கியிருந்தால் நோயென்று மருந்து ஊற்றாதீர்கள். அது வாயில் முட்டையை அடைகாக்கிறது. ஏறக்குறைய 3 வாரம் இப்படி இருக்கும். முதல் நாட்களில் வலைபோட்டுத் துரத்தினால் முட்டையைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். இரண்டு வாரம் கழிந்தபின், இரவில் விளக்கணைத்துத் தனித் தொட்டிக்கு மாற்றுவது நல்லது. குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்னும் மிகச் சிறிய உப்புநீர் உயிரியைக் கொடுக்கலாம். மிஞ்சியவற்றைக் குளத்திலோ பழையாற்றிலோ விட வேண்டாம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளந்தோறும் பெருகிக் கிடக்கும் சிலேபி மீனும் (திலாப்பியா) ஓர் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான்.