பிளம் கிளையில் உகுயிசு: ஜப்பானியப் பூப்பறவை ஓவியம் தீட்டும் முறை

காச்சோகா எனப்படும் ஜப்பானியப் பூப்பறவை ஓவியத்தில், தூரிகையை எடுப்பதற்கு முன்பே பருவத்தைத் தீர்மானித்துவிட வேண்டும். மூங்கிலோடு சிட்டுக்குருவி, பைன் மரத்தோடு கொக்கு, பிளம் பூவோடு உகுயிசு என்னும் கதிர்க்குருவி என்று இணைகள் மரபில் நிலைபெற்றுள்ளன. முதன்முறை வரைபவருக்கு, இளவேனிலின் வருகையைக் காட்டும் பிளம்–உகுயிசு இணையே ஏற்றது.

அடுத்து, பறவையைக் கண்ணால் கண்டு பென்சிலால் பலமுறை வரைந்து பழக வேண்டும். ஜப்பானிய ஓவியர் இட்டோ ஜக்குசூ (1716–1800) தம் வீட்டு முற்றத்தில் கோழிகளை வளர்த்து, அவற்றைக் கூர்ந்து கவனித்தே வரைந்தார். உகுயிசுவைப் பளிச்சென்ற பச்சையில் தீட்டுவோர் பலர். அந்தப் பச்சை மெஜிரோ என்னும் வேறொரு பறவைக்குரியது, உகுயிசுவோ மங்கிய பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த நிறமுடையது.

தாளில் வண்ணம் ஊறிப் பரவாமலிருக்க, படிகாரமும் நிகாவா என்னும் விலங்குப் பசையும் கலந்த தோசா கரைசலைப் பூசி நன்கு உலர்த்த வேண்டும். கிளைக்கு, தட்டையான தூரிகையின் ஒரு பக்கத்தில் அடர்ந்த மையும் மறுபக்கத்தில் நீர்த்த மையும் ஏற்றி, ஒரே இழுப்பில் ஒளியும் நிழலும் சேர்ந்து விழும்படி தீட்ட வேண்டும். இதற்குத் த்சுகெதாதே என்று பெயர்; தீட்டிய இடத்தை மீண்டும் தொட்டுத் திருத்தினால் அதன் உயிர்ப்பு போய்விடும்.

வெண்ணிற இதழ்களுக்குத்தான் பொறுமை மிகுதியாகத் தேவைப்படுகிறது. சிப்பி ஓட்டிலிருந்து பெறப்படும் கோஃபுன் தூளை நுண்ணிதாக அரைத்து, இளஞ்சூடான நிகாவாவைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்து உருண்டையாக்கி, அதைத் தட்டில் பலமுறை அடித்து, பசை எங்கும் ஒருசீராகப் பரவிய பின்னரே நீரில் கரைக்க வேண்டும். பசை குறைந்தால் வண்ணம் உதிரும், மிகுந்தால் வெடிக்கும். ஈரத்தில் மங்கலாகத் தெரியும் கோஃபுன் காய்ந்த பிறகே வெண்மை பெறுவதால், போதவில்லை என்றெண்ணி உடனே மேலும் பூசாமல், மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததை இடுவதே நல்லது.

பறவையில் அலகையும் கண்ணையும் முதலில் வரையலாம், ஏனெனில் பார்வையின் திசையே உடலின் சாய்வைத் தீர்மானிக்கிறது. உடலுக்கு வெளிறிய வண்ணம் பூசி உலர்ந்ததும், மெல்லிய தூரிகையால் இறகுகளின் போக்கிலேயே மயிரிழைக் கோடுகளை இட வேண்டும். பறவை நோக்கும் பக்கத்தை வெறுமையாக விட்டு, அதற்கு எதிர்ப்புறத்தில் கையொப்பமிடுவது என் விருப்பம். நிகாவா விரைவில் கெட்டுவிடும் என்பதால், எஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து, வாடை மாறினால் கொட்டிவிட வேண்டும்.