ஃபோர்ட் மையர்ஸ் வருகிறவர்களே, தண்ணீர் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா?

ஃபுளோரிடாவில் வேலை கிடைத்திருக்கிறது, ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் வீடு பார்க்கிறோம் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், ஓட்டுநர் உரிமம், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் மற்ற ஊர்களைப் போலத்தான், வரிசையில் நின்றால் முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது வாடகை வீட்டு இன்ஷூரன்ஸ் பற்றி.

2022-ல் இயன் புயல் டாம்பா பக்கம் போகும் என்றுதான் முதலில் பேச்சு. எங்கள் லீ கவுண்டியில் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததே செப்டம்பர் 27 காலையில்தான். நான் வேதாரண்யத்துக்காரன், கஜாவையே பார்த்தாச்சு, இது என்ன என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கான்?" மனைவி மட்டும் பிடிவாதமாகப் பையைக் கட்டினாள், மயாமியில் நண்பர் வீட்டுக்குப் போனோம். மறுநாள் மதியம் மூன்று மணி வாக்கில் மணிக்கு 240 கி.மீ. காற்றோடு புயல் கரையேறியது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் கடல் 10 முதல் 15 அடி வரை ஏறி வந்தது. கடலுக்குள் நீண்டு போகும், சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கும் அந்த பியர் பாலத்தில் தூண்கள்தான் மிச்சம், சானிபெல் தீவுக்குப் போகும் சாலையே துண்டாகிவிட்டது. மாநிலத்தில் சுமார் 150 பேர் இறந்தார்கள்.

எங்கள் வீடு கடற்கரையிலேயே இல்லை, கலூசஹாட்சி ஆற்றிலிருந்து நாலு தெரு தள்ளி, தரைத்தளம். கடல் ஆற்றுக்குள் ஏறி, ஆறு எங்கள் ஹாலுக்குள் வந்துவிட்டது. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் மல்லாக்கப் படுத்திருக்கிறது, கிரைண்டருக்குள் சேறு, பொன்னி அரிசி மூட்டை ஊறி வெடித்துப் புளித்த நாற்றம். சரி, இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக போன் செய்தேன். பாலிசியில் 'தண்ணீர் சேதம்' என்ற வார்த்தையை என் கண்ணாலேயே படித்திருந்தேன். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா? கீழிருந்துதான் மேடம், ஆற்றிலிருந்து என்று விலாவாரியாகச் சொன்னேன். அதோடு முடிந்தது. குழாய் வெடித்தால், காற்று கூரையைப் பிய்த்து மழை இறங்கினால் பணம் உண்டு. தரையோடு ஏறி வந்தால் அது வெள்ளம், வெள்ளத்துக்குத் தனி பாலிசி.

அந்தத் தனி பாலிசியை என்எஃப்ஐபி என்ற மத்திய அரசின் வெள்ள இன்ஷூரன்ஸ் திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் எடுக்கலாம், வீட்டுச் சாமான்களுக்கு மட்டும், 1,00,000 டாலர் வரை. ஆனால் வாங்கி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். டிவியில் புயல் சுழல ஆரம்பித்த பிறகு வாங்கிப் பயனில்லை. புயல் சீசன் ஜூன் 1-ல் தொடங்குகிறது, ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். "இது எக்ஸ் மண்டலம், வெள்ள இன்ஷூரன்ஸ் தேவையில்லை" என்று வீட்டுக்காரர் சொல்வார். எக்ஸ் என்பது அரசின் வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவு என்று குறித்த பகுதி. கடன் கொடுக்கும் வங்கி கட்டாயப்படுத்தாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம், தண்ணீர் வராது என்றில்லை. புயல் வரும்போது எந்தப் பகுதி வெளியேற வேண்டும் என்று சொல்லும் ஏ, பி மண்டலங்கள் வேறு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஊரில் என்றால் விஏஓ வந்து எழுதிக்கொண்டு போவார், ஆயிரம் திட்டினாலும் ஏதோ வரும். இங்கே ஃபெமா என்ற மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பின் பண உதவி எச்-1பி விசாக்காரர்களுக்குக் கிடையாது. இத்தனை வருடம் வரி கட்டியிருக்கிறேனே என்று அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் அதன் பேரில் விண்ணப்பிக்கலாம் என்பது, பக்கத்து வீட்டு கியூபாக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் இரண்டு வயது மகளுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத்தான் கொடுத்தோம்.

அப்புறம், வீடு பார்க்கும்போதே மாடி கேளுங்கள். கீழ் வீடு என்றால் வெளியே துணி காயப்போடலாமே என்று என்னை மாதிரி யோசிக்க வேண்டாம், எப்படியும் பல குடியிருப்புகளில் காயப்போட விடமாட்டார்கள்.