உடல்நலம் நலிந்த குழந்தையோடு மருத்துவரிடம் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

இரவு இரண்டு மணி. வலிப்பு வந்த மகனைத் தூக்கிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். பணியிலிருந்த இளம் மருத்துவர், “என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம்?” என்று கேட்டார். “இளஞ்சிவப்பு சிரப், காலையும் இரவும் 4 மில்லி” என்றேன். அவர் பேனாவைப் பிடித்தபடி எழுதாமல் நின்றார். ஒரே மருந்து பல செறிவுகளில் வருகிறது. பாராசிட்டமால் சிரப்பிலேயே 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. என் கணவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து என் மாமியாரை எழுப்பினார். அவர் கண்ணாடியைத் தேடியெடுத்து, பாட்டிலில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரை அந்த மருத்துவரின் கை கட்டுண்டு கிடந்தது.

எல்லாம் ஃபைலில் இருக்கிறது என்று நம்பியதுதான் என் முதல் தவறு. கனத்த ஃபைலைப் புரட்ட அவசரத்தில் யாருக்கும் நேரமில்லை. ஒரே ஒரு தாள் போதும். நோயின் பெயர், நடந்த அறுவை சிகிச்சைகள், ஒவ்வாமை, ஒவ்வொரு மருந்தின் பெயரும் செறிவும் அளவும் நேரமும், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் எண், குழந்தையின் எடை ஆகியவை அதில் இருக்க வேண்டும். எடைக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலான மருந்துகளை எடையை வைத்தே கணக்கிடுகிறார்கள். 10 கிலோவில் எழுதிக் கொடுத்த அளவு, 13 கிலோவில் போதாமல் போகலாம்.

அந்தத் தாளில் பலரும் எழுத மறப்பது, குழந்தையின் வழக்கமான நிலை. நோயைப் பற்றி மருத்துவருக்குத் தெரியும். உங்கள் பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் எப்படி இருப்பான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பிறவி இதயக் கோளாறுள்ள சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் அளவு எப்போதுமே 80 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வழக்கமாக 98 இருக்கும் குழந்தைக்கு 92 என்றாலே கவனிக்க வேண்டும். என் மகனுக்குப் பேச்சு வரவில்லை. வலித்தால் அழவும் மாட்டான், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிக்கொள்வான். “அமைதியாகத்தானே இருக்கிறான்” என்று ஒருமுறை சொன்னார்கள். அந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். பரிசோதனை மறுபடி தொடங்கியது.

வலிப்பை வாயால் வர்ணிக்க முயல்வதும் தவறுதான். பதற்றத்தில் நாம் சொல்வது பாதி சரியாக இருக்காது. முதலில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரநிலை. இன்னொருவர் அருகில் இருந்தால் வீடியோ எடுக்கட்டும். எந்தக் கையில் தொடங்கியது, கண் எந்தப் பக்கம் இழுத்தது என்பதெல்லாம் மருத்துவருக்குத் தேவை.

திட்டுவார்களோ என்ற பயத்தில் மறைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இரண்டு நாள் மருந்து விட்டுப்போனதைச் சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். நீண்ட நாள் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடல் தானாக அதைச் சுரக்கப் பழகும் முன்பே இரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். வீட்டு மருந்தையும் வேறு மருத்துவர் எழுதியதையும் சொல்லியே ஆக வேண்டும். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால், முதல் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

புரியாமல் தலையாட்டாதீர்கள். “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் டாக்டர்” என்று திருப்பிச் சொல்லுங்கள். மிகவும் பயப்படும் கேள்வியைக் கதவருகே எழுந்து நிற்கும்போது கேட்காமல், உட்கார்ந்தவுடன் கேளுங்கள்.

“ஏதோ சரியில்லை” என்று நம் மனத்துக்குப் படுவது பெரும்பாலும் வீண் பயமல்ல. ஆனால் அதைக் கோபமாகக் கொட்டினால் யார் காதிலும் ஏறாது. “நேற்றிலிருந்து பாதிப் பால்தான் குடிக்கிறான், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை” என்று சொன்னால் ஏறும். அப்போதும் வீட்டுக்கு அனுப்பினால், “எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால் மூத்த மருத்துவரைப் பார்க்கக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவல்ல.

கடைசியாக நான் திருத்திக்கொண்ட தவறு, எல்லாவற்றையும் நானே தலையில் சுமந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த அன்று, வீட்டில் வேறு யாருக்கும் மருந்து எடுக்கத் தெரியவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் என் கணவர் சிரிஞ்சில் அளந்து கொடுக்கிறார், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அந்தத் தாளின் ஒரு பிரதி சமையலறைச் சுவரில் இருக்கிறது. மாமியார் கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.