கான்சுலேட் கலெக்டர் ஆபீஸ் இல்லை: துபாய்க்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

2023 ஆகஸ்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த திருவாடானைத் தம்பி ஒருவனுக்காக இதை எழுதுகிறேன். அவனுக்கு யோசனை சொன்னவன் நான்தான். பதினோரு வருஷம் துபாயில் இருக்கிறேன், எல்லாம் தெரியும் என்கிற திமிரில் சொன்ன யோசனை. அது தப்பான யோசனை.

முதலில் காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு பாஸ் செய்யாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும், அது இமைக்ரேட் என்ற இந்திய அரசுத் தளம் வழியாகத்தான். ஏஜென்ட் லைசென்ஸ் உள்ளவரா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சக் கூலி 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஒன்றரை லட்சம் கேட்டால் அவர் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸ் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். போட்டுவிட்டு வாருங்கள். விசிட் விசாவில் வந்து வேலை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் டிக்கெட்டையே கேன்சல் செய்யுங்கள். இறங்கிய பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கார்டு எல்லாம் கம்பெனி ஆளே கூட்டிக்கொண்டு போய் முடிப்பான்.

ஒரு காகிதத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஆஃபர் லெட்டர். அரபி, இங்கிலீஷோடு தொழிலாளிக்குப் புரிகிற மூன்றாவது மொழியிலும் அது வரும், தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். ஏஜென்ட் வாயில் சொன்ன கணக்கு எந்தக் கட்டத்திலும் இருக்காது.

சரி, இப்போது கான்சுலேட். தூதரகம் இருப்பது அபுதாபியில். துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம் அல் குவைன், ராஸ் அல் கைமா, புஜைரா ஆறுக்கும் சேர்த்து பர்துபாய் பக்கம் அல் ஹம்ரியாவில் துணைத் தூதரகம். நாம் பேச்சு வழக்கில் கான்சுலேட் என்போம். பாஸ்போர்ட் புதுப்பிக்க அங்கே போய் நிற்காதீர்கள், அதை வெளி நிறுவன மையங்களிடம் கொடுத்து ரொம்ப வருஷம் ஆகிறது. அந்த மையத்தில் கொடுக்கும் ரசீதை மட்டும் பத்திரமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட் கட்டணத்துக்குக் கீழே 8 திர்ஹம் என்று ஒரு வரி இருக்கும். அது இந்தியச் சமூக நல நிதிக்குப் போகிறது. 2009-ல் தொடங்கிய நிதி. சாப்பாடு, தங்குமிடம் இல்லாமல் தவிப்பவனுக்கும், ஊருக்குப் போக டிக்கெட் இல்லாதவனுக்கும், வக்கீல் வைக்க வழியில்லாதவனுக்கும், இறந்தவர் உடலை அனுப்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதாவது நம் ஆள் ஒருவன் ஊர் போய்ச் சேர்வது கர்ப்பூரம் மாதிரி நாம் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கரைந்து கொடுத்த காசில்தான். கவுன்டரில் போய்க் கேட்கும்போது பிச்சை கேட்பதுபோலக் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. உங்கள் 8 திர்ஹமும் அதில் இருக்கிறது.

இனி தம்பி கதை. இரும்பு வேலை செய்பவன். கம்பெனி ஆட்கள் தங்கும் லேபர் கேம்ப், சோனாப்பூர் பகுதியில். மாதம் 1,200 திர்ஹம். நாலு மாதம் சம்பளம் வரவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டால் அடுத்த வாரம், முதீரை, அதாவது மேனேஜரைக் கேட்டால் பேமென்ட் வரவில்லை. ஊரில் அவன் அக்கா நகை அடகில். ஒரு நாள் ராத்திரி போன் செய்து, "அண்ணே, இனிமே முடியாதுண்ணே, என்ன செய்ய?" என்றான். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பெட்டியைக் கட்டிட்டு நம்ம ரூமுக்கு வா. கான்சுலேட்ல மனு கொடுப்போம். நம்ம கவர்மென்ட் அவனுகளைக் கூப்பிட்டுக் கேக்கும்."

இப்போது யோசித்தால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம். நாமெல்லாம் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். மனுவை நீட்டினால் கலெக்டர் அங்கேயே தாசில்தாரைக் கூப்பிட்டு, "இது என்னன்னு பாருங்க" என்பார். வேலை நடக்கிறதோ இல்லையோ, உத்தரவு போடும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு உண்டு. கான்சுலேட்டிலும் ஓப்பன் ஹவுஸ் நடக்கும், வரிசையில் நிற்போம், அதிகாரி உட்கார்ந்து கேட்பார், மனுவில் எதையோ எழுதுவார். பார்க்க அப்படியே ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அந்த அதிகாரிக்குக் கீழே தாசில்தார் யாரும் இல்லை. துபாய்க் கம்பெனிக்கு உத்தரவு போட அவரால் முடியாது. 1963-ல் வியன்னாவில் போட்ட கான்சுலர் உறவு ஒப்பந்தம் அவருக்குக் கொடுத்திருப்பது தன் நாட்டுக்காரனுக்கு உதவும் உரிமை. அந்த நாட்டுச் சட்டத்தை மதித்துத்தான் அந்த உதவி, உள் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

தம்பி வந்தான். ஒரு ஏர்பேக், ஒரு பக்கெட், பக்கெட்டுக்குள் பிரஷர் குக்கர். அதற்கு அடுத்த மூன்று நாளும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் டாக்சியில் போனோம். ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று இங்கே சட்டம். வழியெல்லாம் கட்டடங்களுக்குக் கீழே நிழல் விழுந்த இடத்தில் ஆட்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். "நானும் இந்நேரம் இப்படித்தாண்ணே படுத்திருப்பேன்" என்றான். கேம்பை விட்டு வந்ததே பெரிய விடுதலை மாதிரி அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

உள்ளே மரியாதையாகத்தான் கேட்டார்கள். கம்பெனி பெயர், லேபர் கார்டு காப்பி எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார் அங்கே இருந்தவர்: "இங்கே லேபர் மினிஸ்ட்ரியில் புகார் பதிவு செய்தாச்சா? புகார் எண் என்ன?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இன்றைக்கே போய்ப் போடுங்கள், அதுதான் முதல் வேலை என்று அவர் இரண்டு முறை சொன்னார். கம்பெனிக்கும் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். எங்கள் காதில் இரண்டாவது மட்டும்தான் விழுந்தது. கான்சுலேட்டே பேசுகிறதாம், அப்புறம் என்ன மினிஸ்ட்ரி என்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்தோம்.

புகார் போடப் போனது அதற்கு அப்புறம் ஒரு வாரம் கழித்து. அரசு மனுக்களைத் தட்டிக் கொடுக்கும் டைப்பிங் சென்டர் பையன் நம்பரைத் தட்டினான், திரையை எங்கள் பக்கம் திருப்பினான். கம்பெனி அவன்மேல் அப்ஸ்காண்டிங் போட்டிருந்தது. வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று.

இதுதான் அந்தப் பொறி. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராத ஆளைப் பற்றிக் கம்பெனி அப்படி அறிக்கை கொடுக்கலாம். சம்பளம் தராத கம்பெனியும் கொடுக்கலாம். 2022 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தொழிலாளர் சட்டம், முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் நோட்டீஸ் இல்லாமலே வேலையை விடலாம் என்கிறது. ஆனால் விடுவதற்கு 14 வேலை நாள் முன்பே மினிஸ்ட்ரிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கிளம்பினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் கணினியில் நீங்கள் ஓடிப்போனவர். காரணமில்லாமல் வேலைக்கு வராதவருக்கு ஒரு வருஷத்துக்கு வேறு வேலை அனுமதியும் கிடையாது.

ஆக, வரிசை இதுதான். சம்பளத் தேதி தாண்டி 15 நாள் ஆகிவிட்டதா? கேம்பிலேயே படுங்கள், டியூட்டிக்குப் போங்கள், கையெழுத்துப் போடுங்கள், கார்டு பஞ்ச் செய்யுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். போய்க்கொண்டே 80084-க்குப் போன் செய்து புகார் போடுங்கள், மினிஸ்ட்ரி ஆப்பிலும் போடலாம். புகார் எண் வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரில் ஒருவருக்கும் இங்கே ஒருவருக்கும் அனுப்புங்கள், உங்கள் போன் தொலைந்தாலும் எண் தொலையாது. 2024 ஜனவரியிலிருந்து 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத வழக்கில் மினிஸ்ட்ரியே தீர்ப்புச் சொல்லிவிடும், நம்மில் பெரும்பாலோர் கணக்கு அதற்குள்தான் வரும். கோர்ட்டுக்குப் போனாலும் 1,00,000 திர்ஹம் வரைக்கும் தொழிலாளிக்குக் கட்டணம் இல்லை.

அந்த எண்ணை எடுத்துக்கொண்டு இப்போது கான்சுலேட்டுக்குப் போங்கள். அப்போதுதான் அவர்கள் கையிலும் பிடிமானம் இருக்கும். பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரா என்று ஓர் உதவி மையம் இருக்கிறது, முன்பு தொழிலாளர் வள மையம் என்ற பெயரில் 2010-ல் தொடங்கியது. 800 46342, காசில்லாத அழைப்பு. அந்த ஐந்து எண்ணும் போன் பட்டனில் இந்தியா என்று ஆங்கிலத்தில் எழுதினால் வருவது, மறக்காது. வக்கீல் ஆலோசனை அங்கே இலவசம். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள், தெரியாத இந்தியில் தட்டுத் தடுமாறி விஷயத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே எல்லாம் முடிந்தும் பதில் வரவில்லை என்றால் மதத் என்ற வெளியுறவுத் துறைத் தளத்தில் பதிவு செய்யலாம். அங்கேயும் ஓர் எண் தருவார்கள். எண் எண் என்று படுத்துகிறேன், தெரிகிறது.

ஓப்பன் ஹவுஸுக்குப் போவதென்றால் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தேதி, தொகை, கம்பெனி பெயர், புகார் எண். அம்மாவுக்கு ஆபரேஷன் என்பதைக் கடைசி வரியில் வையுங்கள். தம்பி மனுவை நான்தான் எழுதினேன், இரண்டு பக்கம். 'மாண்புமிகு' மூன்று இடத்தில். சம்பள பாக்கி எவ்வளவு என்பது எங்குமே இல்லை.

கான்சுலேட்டின் இன்னொரு முகம் மேடை முகம். ஆகஸ்ட் 15 கொடியேற்றம், ஜூன் 21 யோகா, ஜனவரி 9 பிரவாசி தினம். கோட் போட்டவர்கள் முன் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அந்தப் போட்டோ அவர்கள் கடையில் தொங்கும். எனக்கு அதில் கொஞ்சம் கடுப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது கொடியேற்றத்துக்குப் போங்கள். அங்கேதான் உங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர்களைப் பார்ப்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மார்ச்சுவரியில் நிற்கப் போகிறவர்கள் அவர்கள்தான், முன் வரிசை ஆட்கள் இல்லை. மலையாளிகள் இதில் நம்மைவிடப் பல படி மேலே. கேரளத்தில் வெளியூர் மலையாளிகளுக்கான நோர்க்கா துறை 1996-லேயே வந்துவிட்டது. நம் ஊரில் வெளிநாட்டுத் தமிழர் நலச் சட்டம் 2011-ல் வந்தது, வாரியம் கண்ணில் பட்டது 2021-க்கு அப்புறம்தான். இப்போது ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். வாரியத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு வாருங்கள். லேட்டாக வந்தாலும் நம்முடையது.

இன்னொன்று. "கான்சுலேட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விசாவில் பிரச்சினை, இந்த அக்கவுண்டில் பணம் போடுங்கள்" என்று போன் வரும். திரையில் உண்மையான நம்பர் மாதிரியே தெரியும். வைத்துவிடுங்கள். போனில் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். பத்தாக்காவை, அதாவது எமிரேட்ஸ் ஐடியைப் பிடித்து வைத்திருக்கும் கம்பெனி மாதிரி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும் கம்பெனியும் சட்டத்தை மீறுகிறது, அதையும் புகாரில் சேருங்கள்.

தம்பி அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்தான். உதவி மைய வக்கீல் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். கையில் புகாரும் இல்லை, பாஸ்போர்ட் கம்பெனியில். மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கினான், கார் கழுவினான், போலீஸ் வண்டியைப் பார்த்தால் சந்துக்குள் நுழைந்தான். 2024 செப்டம்பர் 1-ல் பொதுமன்னிப்பு வந்தது. அபராதம் இல்லை, திரும்பி வரத் தடையும் இல்லை. அக்டோபரில் அவுட்பாஸ், அதாவது நாட்டை விட்டுப் போக மட்டும் தரும் அனுமதிக் காகிதம் எடுத்துக் கிளம்பினான். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கோடாலித் தைலம் ஆறு பாட்டில், டேங் ஜூஸ் பவுடர் டப்பா இரண்டு, அந்தப் பிரஷர் குக்கர். 4,800 திர்ஹம் போனது போனதுதான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

போன வாரம் அவன் போன் செய்தான். மச்சினன் துபாய் வருகிறானாம். ஆஃபர் லெட்டரைத் தமிழில் கேட்டு வாங்கிப் போட்டோ அனுப்பியிருக்கிறான். அடிப்படைச் சம்பளக் கட்டத்தில் 800 என்று இருக்கிறது. ஏஜென்ட் சொன்னது 1,500. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.